வலப்பக்கம் ஒதுங்கு: சிறு விமானம் ஓட்டுபவர் கடைப்பிடிக்க வேண்டிய அடிப்படை விதிகள்

நம் ஊரில் கார் ஓட்டிப் பழகியவருக்கு, எதிரே லாரி வந்தால் கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும். விமானத்தில் அந்தப் பழக்கத்தை முதல் நாளே மறந்துவிட வேண்டும். இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் நெருங்கினால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. வானத்தில் நடுக்கோடு கிடையாது, ஹாரன் கிடையாது, கண்ணைப் பார்த்து "நீ போ" என்று தலையசைக்கவும் முடியாது. முன்பின் தெரியாத இருவர், ஒரு வார்த்தை பேசாமல், ஒத்துப்போகிற முடிவை எடுத்தாக வேண்டும். வான் விதிகளில் பாதிக்கு மேல் இதற்காகப் பிறந்தவைதான்: நான் அடுத்து என்ன செய்வேன் என்பது எதிரே வருபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலிருந்து இந்த விதிகள் கிளை விடுகின்றன. அதன் இரண்டாம் இணைப்பின் பெயரே 'வான் விதிகள்'. இந்தியாவில் இவற்றை நடைமுறைப்படுத்துவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 1934-ஆம் ஆண்டின் பழைய விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்துவிட்டது.

இந்த வழிகாட்டி பெரிய ஜெட் விமானங்களைப் பற்றியது அல்ல. பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானத்தை, பகலில், கண்ணால் பார்த்து ஓட்டும் விமானிக்கானது. கண்ணால் பார்த்து ஓட்டும் இந்த முறைக்கு வி.எஃப்.ஆர். என்று பெயர். 120 கடல் மைல் தொலைவில் உள்ள இன்னொரு விமான நிலையத்துக்குப் போவதாக வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து தொடங்குவோம்.

கிளம்பும் முன் உங்களையே சோதியுங்கள்

விமானி உரிமம், மருத்துவச் சான்று, வானொலி பேசுவதற்கான உரிமம் மூன்றும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது, தனியார் விமானி உரிமத்துக்கு 17, வணிக விமானி உரிமத்துக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். விமானத்தின் பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று, பயணப் பதிவேடு ஆகியவையும் உள்ளே இருக்க வேண்டும். சரி, காகிதம் முடிந்தது.

அடுத்தது உடம்பு. ஜலதோஷத்துக்குப் போட்ட மாத்திரை தூக்கத்தைத் தரும் வகையா? மூக்கடைப்போடு ஏறினால் இறங்கும்போது காது அடைத்துக்கொண்டு வலி உயிரை எடுக்கும். இரவு சரியாகத் தூங்கினீர்களா? வீட்டில் சண்டையா? காலையில் சாப்பிட்டீர்களா? இவை பாட்டி கேட்கும் கேள்விகள் போலத்தான் இருக்கும். ஆனால் பறக்கலாமா வேண்டாமா என்பதை முதலில் தீர்மானிப்பது இவைதான்.

மது விஷயத்தில் இந்திய விதி கறார். குடித்து 12 மணி நேரம் ஆகாமல் விமானத்தைத் தொடக் கூடாது. அமெரிக்காவில் இது 8 மணி நேரம். இரத்தத்தில் ஓரளவு வரை அங்கே பொறுத்துக்கொள்கிறார்கள். இங்கே மூச்சுச் சோதனைக் கருவி பூஜ்யம் காட்டியே ஆக வேண்டும். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறது விதி. 12 மணி நேரம் கடந்துவிட்டது என்பதும் போதாது. தலைவலி மிச்சமிருந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

வானிலை: போகலாமா என்பதைவிடத் திரும்பலாமா என்பது முக்கியம்

புறப்படும் இடம், சேரும் இடம், இடையில் ஒதுங்கக்கூடிய இடம் ஆகிய மூன்றுக்கும் மெட்டார் எனப்படும் வானிலை அறிக்கையையும், அடுத்த சில மணி நேரத்துக்கான முன்னறிவிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியவை: காற்று, பார்வைத் தூரம், மேகத்தின் அடிமட்டம்.

கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கான எல்லைகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும். அதற்கு மேலே 8 கிலோமீட்டர். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1500 மீட்டர், மேலும் கீழும் 1000 அடி தள்ளியிருக்க வேண்டும். விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் ஏறவோ இறங்கவோ வேண்டுமென்றால் மேகக் கூரை 1500 அடிக்குக் குறையக் கூடாது. இந்தியாவில் வி.எஃப்.ஆர். விமானம் 15,000 அடி மட்டத்துக்கு மேலே ஏறக் கூடாது. சூரியன் மறைந்து 20 நிமிடம் கழிந்ததிலிருந்து, உதிக்க 20 நிமிடம் இருக்கும் வரை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் சிறப்பு அனுமதி இல்லாமல் பறக்கவும் கூடாது.

மேகத்திலிருந்து 1500 மீட்டர் தள்ளியிருக்கச் சொல்வது மேகம் இடித்துவிடும் என்பதற்காக அல்ல. அந்த மேகத்துக்குள்ளிருந்து கருவிகளை நம்பிப் பறக்கும் இன்னொரு விமானம் திடீரென வெளியே வரலாம். அப்போது ஒருவரையொருவர் பார்த்து விலகச் சில நொடிகளாவது வேண்டும். அந்தச் சில நொடிகளைத்தான் விதி மீட்டர் கணக்கில் சொல்கிறது.

உங்கள் ஓடுதளத்தின் எண்ணே அதன் திசை. 07 என்றால் காந்தத் திசைகாட்டியில் ஏறத்தாழ 070 டிகிரி. காற்று 100 டிகிரியிலிருந்து 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வீசினால், இரண்டுக்கும் இடையே 30 டிகிரி. 30 டிகிரிக்குப் பாதி என்று நினைவில் வையுங்கள்: பக்கக்காற்று 8 நாட். செஸ்னா 172-இல் சோதித்துக் காட்டப்பட்ட அளவு 15 நாட். நீங்கள் சமாளிக்கும் அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் கோடை நண்பகலையொட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்து காற்றின் திசையையே மாற்றும். காலையில் மேற்கு நோக்கி ஏறிய ஓடுதளத்தில் மதியம் கிழக்கு நோக்கி இறங்க வேண்டி வரலாம்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1000 அடி உயரமுள்ள ஓடுதளத்தில் வெப்பம் 40 டிகிரி என்று வையுங்கள். அந்த உயரத்தில் பொதுக் கணக்குப்படி இருக்க வேண்டியது 13 டிகிரி. கூடுதலாக உள்ள 27-ஐ 120-ஆல் பெருக்கினால் 3240. அதாவது உங்கள் இன்ஜினும் இறக்கையும் ஏறத்தாழ 4200 அடி உயர மலை மேலிருந்து கிளம்புவது போலத்தான் வேலை செய்யும். ஓடும் தூரம் நீளும், ஏறும் வேகம் குறையும். விமானக் கையேட்டின் அட்டவணையில் அன்றைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். நேற்று ஏறியது என்பது கணக்கே அல்ல.

எரிபொருள்: இருமுறை கணக்கு, ஒருமுறை குச்சி

சர்வதேச விதிப்படி பகல் வி.எஃப்.ஆர். பயணத்தில் சேருமிடம் அடைந்த பிறகும் 30 நிமிடம் பறக்க எரிபொருள் மிச்சமிருக்க வேண்டும். இரவென்றால் 45 நிமிடம். நம் பயணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 120 கடல் மைல், 110 நாட் வேகம்: ஒரு மணி 5 நிமிடம். மணிக்கு 35 லிட்டர் என்று வைத்தால் 38 லிட்டர். தரையில் ஓட்டவும் ஏறவும் 6 லிட்டர். அங்கே இறங்க முடியாமல் வேறிடம் போக 20 லிட்டர். 30 நிமிட இருப்பு 18 லிட்டர். மொத்தம் 82. இது குறைந்தபட்சம்தான். தொட்டியில் இடமும் எடையில் வசதியும் இருந்தால் கூடவே ஊற்றிக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று 20 நாட் வீசினால் அந்த 65 நிமிடம் 80 நிமிடமாகும்.

லிட்டரா, கிலோவா, பவுண்டா, கேலனா என்பதில் கவனம் வேண்டும். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767-க்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. மாற்றக் கணக்கில் பவுண்டும் கிலோவும் குழம்பி, ஏறியது 22,300 பவுண்டு, பாதிக்கும் குறைவு. நடுவானில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. கிம்லி என்ற ஊரில், பந்தயத் தளமாக மாறியிருந்த பழைய ஓடுதளத்தில் கிளைடர் போல இறக்கினார்கள். யாரும் சாகவில்லை என்பது விமானிகளின் திறமை. அந்தத் திறமையைச் சோதிக்கும் நிலை நமக்கு வர வேண்டாம். எரிபொருள் முள் என்ன காட்டினாலும், இறக்கை மேல் ஏறித் தொட்டிக்குள் அளவுகோல் குச்சியை விட்டுக் கண்ணால் பாருங்கள்.

திட்டமும் அனுமதியும்

பறப்புத் திட்டத்தைப் புறப்படுவதற்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பே கொடுக்க வேண்டும். இந்தியாவில் இதோடு இரண்டு எண்கள் வாங்க வேண்டும்: பறப்புத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண், வான் பாதுகாப்பு அனுமதியான ஏ.டி.சி. (ADC) எண். இரண்டாவது இல்லாமல் கிளம்பினால் நீங்கள் விமானப்படை ரேடாரில் ஊர் பேர் தெரியாத ஒரு புள்ளி. கட்டுப்பாட்டாளரின் ஏ.டி.சி. (ATC) வேறு, இந்த ஏ.டி.சி. வேறு, புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் குழம்புவார்கள்.

நோட்டாம் எனப்படும் அறிவிப்புகளை வரி விடாமல் படியுங்கள். ஓடுதளத்தில் பழுது வேலை, வேலை செய்யாத விளக்கு, புதிதாக முளைத்த கிரேன் எல்லாம் அதில்தான் வரும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் வங்கக் கடல் மேல் எந்தப் பகுதி மூடப்படுகிறது என்பதும் அதில்தான். வரைபடத்தில் தடை செய்யப்பட்ட பகுதி, கட்டுப்படுத்தப்பட்ட பகுதி, ஆபத்துப் பகுதி என்று மூன்று வகை உண்டு. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைச் சுற்றியுள்ள வான் முதல் வகை. அங்கே "தெரியாமல் வந்துவிட்டேன்" எடுபடாது.

விமானத்தைச் சுற்றி ஒரு நடை

என் பயிற்சியாளர் இந்த நடையின்போது பேசவே விடமாட்டார். யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். எரிச்சலாக இருக்கும். ஒருநாள் பாதியில் ஃபோன் வந்தது. எடுத்துப் பேசிவிட்டு விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். வால்பகுதிக் கட்டுக்கயிறு அவிழ்க்கப்படாமலே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைக் காட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று நான் பறக்கவில்லை.

ஒவ்வொரு வடிகால் முனையிலிருந்தும் கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இந்த வகை விமானத்தின் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தங்கும். நிறமே இல்லாமல் இருந்தால் இன்னும் மோசம்: ஜெட் எரிபொருளாகவோ முழுக்கத் தண்ணீராகவோ இருக்கலாம். என்ஜின் எண்ணெய், டயர், பிரேக், ப்ரொப்பெல்லரின் விளிம்பு, வேகமானிக் குழாயின் மூடி, எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். நம் ஊரில் குளவி அந்தக் குழாயில் ஒரே நாளில் மண்கூடு கட்டிவிடும். கூடு கட்டிய குழாயோடு ஏறினால் வேகமானி சொல்வதை நம்ப முடியாது.

உள்ளே உட்கார்ந்ததும் சரிபார்ப்புப் பட்டியல். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் தாளைப் பார்த்தே படிக்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்த கதை: 1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு. போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமான மாதிரி ஒன்று, தேர்ந்த சோதனை விமானிகளோடு, ஏறிய வேகத்தில் விழுந்தது. நிறுத்தியிருக்கும்போது காற்றில் ஆடாதபடி கட்டுப்பாட்டுப் பரப்புகளைப் பூட்டும் பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள். விமானம் மோசமானதல்ல, விமானிகளும் மோசமானவர்கள் அல்ல. நினைவாற்றலை மட்டும் நம்பினார்கள். அதற்குப் பிறகுதான் பட்டியல் காக்பிட்டின் நிரந்தர அங்கமானது.

வானொலியில் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்

பேசும் முன் கேளுங்கள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே விழாதீர்கள். யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்ற வரிசையில் பேசுங்கள். ஃபைவ், நைன் இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ஃபைஃப், நைனர் என்பார்கள். முதல் வாரம் சிரிப்பு வரும்.

கட்டுப்பாட்டாளர் தரும் அனுமதி, ஓடுதள எண், உயரம், திசை, வேகம், காற்றழுத்த எண், ரேடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் எண் ஆகியவற்றை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். இவற்றுக்கு "ராஜர்" என்று மட்டும் பதில் சொல்லக் கூடாது. ராஜர் என்றால் கேட்டது என்று மட்டுமே பொருள். என்ன கேட்டது என்று அவருக்குத் தெரியாது. புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். புரிந்ததுபோல நடிப்பது நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்ட பழக்கம். இங்கே அதை விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஓடுதளத்தின் கோட்டைத் தாண்டும் முன்

ஓடுதளத்துக்கு முன் தரையில் மஞ்சள் நிறத்தில் நிறுத்தக் கோடு இருக்கும். அனுமதி காதில் விழுந்து, நீங்கள் திருப்பிச் சொல்லும் வரை மூக்குக்கூட அதைத் தாண்டக் கூடாது. சிவப்பு நிறுத்த விளக்குகள் எரிந்தால் அவை அணையும் வரை நில்லுங்கள். அங்கே நின்றபடி இன்ஜினை நிமிடத்துக்கு 1800 சுற்றுக்கு உயர்த்தி, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் தனித்தனியே சோதியுங்கள். செஸ்னா 172-இன் எஸ் வகையில் ஒவ்வொன்றிலும் 150 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்குமான வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது.

இந்தக் கோட்டைப் பற்றி எழுதும்போது ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் நடந்த விபத்தை விட்டுவிட முடியாது. 1977 மார்ச் 27, மூடுபனி. கே.எல்.எம். நிறுவனத்தின் 747 ஓடுதள முனையில் நிற்கிறது. அதே ஓடுதளத்தில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், பான் ஆம் 747 ஒன்று உருண்டு வந்துகொண்டிருக்கிறது. கே.எல்.எம். விமானிக்குக் கிடைத்தது ஏறிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்ற அனுமதி மட்டுமே. அதில் 'டேக் ஆஃப்' என்ற சொல் இருந்தது. ஏறுவதற்கே அனுமதி என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதே நேரத்தில் இரண்டு பேர் வானொலியில் பேசியதால் எச்சரிக்கை கீச்சொலியில் மூழ்கிப்போனது. 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளிலேயே அதிக உயிர்களைப் பறித்தது இன்றும் இதுதான். அதற்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லை ஏறுவதற்கான உண்மையான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'. நீங்களும் "டேக் ஆஃபுக்குத் தயார்" என்று சொல்லாதீர்கள். "டிபார்ச்சருக்குத் தயார்" என்று சொல்லுங்கள்.

ஏறும்போது இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்று உருளத் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். குறைந்த உயரத்தில் நின்றுவிட்டால் மூக்கைத் தாழ்த்தி, நேர் எதிரே கிடைக்கும் வயலில் இறங்குவதுதான் வழி. திரும்பி ஓடுதளத்துக்கே வரலாம் என்ற ஆசை பலரை விழுங்கியிருக்கிறது.

உயரம் என்பது ஒரு ஒப்பந்தம்

ஆல்டிமீட்டர் உண்மையில் காற்றழுத்தமானிதான். அழுத்தத்தை எந்த எண்ணில் வைக்கிறீர்களோ அதற்கேற்ற உயரத்தைக் காட்டும். 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஏறத்தாழ 30 அடி. உண்மையான அழுத்தம் 1002 இருக்கும்போது 1012 என்று வைத்திருந்தால், 2000 அடி என்று காட்டும்போது நீங்கள் 1700 அடியில்தான் இருக்கிறீர்கள். எதிரே 1800 அடிக் குன்று இருந்தால் கதை முடிந்தது. ஆகவே கீழே பறக்கும்போது உள்ளூர் அழுத்த எண். அழுத்த எண்ணை மாற்றுவதற்கென்று குறித்த உயரத்தைத் தாண்டிய பிறகு எல்லோரும் 1013.2 என்ற பொது எண். எல்லோருடைய கருவியும் ஒரே அளவுகோலில் பேசினால்தான் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு.

3000 அடிக்கு மேல் சீராகப் பறக்கும்போது திசையைப் பொறுத்து உயரம் மாறும். காந்தத் தடம் 000 முதல் 179 வரை, அதாவது கிழக்குப் பக்கம் போகிறவர்கள், ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500: 3500, 5500, 7500. மேற்குப் பக்கம் போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500: 4500, 6500. எதிரெதிரே வருகிறவர்களுக்கு இடையே இதனால் 1000 அடி தானாகக் கிடைத்துவிடுகிறது. அந்த 500 ஏன் என்றால், கருவிகளை நம்பிப் பறப்பவர்கள் முழு ஆயிரங்களில் போவார்கள்.

இந்த ஆயிரம் அடியின் மதிப்பை இந்தியா 1996 நவம்பர் 12 மாலை அறிந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து ஏறிய சவூதியா 747-க்குத் தரப்பட்ட உயரம் 14,000 அடி. டெல்லிக்கு இறங்கிவந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76-க்குத் தரப்பட்டது 15,000 அடி. இல்யூஷின் தன் உயரத்தில் நிற்காமல் கீழே நழுவியது. 349 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. மோதல் எச்சரிக்கைக் கருவி இந்திய வானில் பறக்கும் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமானது இந்த விபத்துக்குப் பிறகுதான். நம் சிறு விமானத்தில் அந்தக் கருவி பெரும்பாலும் இருக்காது, கண்தான் கருவி.

கீழ் எல்லையும் உண்டு. ஊர், நகரம், திருவிழாக் கூட்டத்துக்கு மேலே போனால், 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 1000 அடி மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தரையிலிருந்து 500 அடி. சொந்த ஊர் மேல் தாழப் பறந்து அம்மாவுக்குக் கை காட்டும் ஆசை எல்லா மாணவருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

யார் யாருக்கு வழி விடுவது

நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலம். குறுக்கே வந்தால், யாருக்கு வலப்பக்கத்தில் மற்றவர் இருக்கிறாரோ அவரே ஒதுங்க வேண்டும். முந்துகிறவர் வலப்பக்கமாக விலகி முந்த வேண்டும், முந்தப்படுகிறவருக்கு உரிமை. இறங்க வரும் இருவரில் தாழ இருப்பவருக்கு முதல் உரிமை, ஆனால் அதைச் சாக்காக வைத்து ஒருவர் மூக்குக்கு முன் நுழையக் கூடாது. யாரால் எளிதில் ஒதுங்க முடியாதோ அவருக்கு எல்லோரும் வழி விட வேண்டும்: பலூனுக்குக் கிளைடர் ஒதுங்கும், இன்ஜின் விமானம் பலூன், கிளைடர், ஆகாயக் கப்பல் எல்லாவற்றுக்கும் ஒதுங்கும். அவசரமாக இறங்குபவருக்கு எல்லோரும். உரிமை உங்களுடையதே ஆனாலும், மோதலைத் தவிர்க்கும் பொறுப்பிலிருந்து விதி உங்களை விடுவிப்பதில்லை.

மங்கிய வெளிச்சத்தில் இறக்கை விளக்குகள் உதவும். இட இறக்கை நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. உங்கள் வலப்பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு விளக்கு நெருங்கினால், அவர் உங்கள் குறுக்கே இடப்பக்கமாகக் கடக்கிறார். ஒதுங்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் பார்ப்பது சிவப்பு, அவர் பார்ப்பது உங்கள் பச்சை. யோசித்தவர் கெட்டிக்காரர்.

இதெல்லாம் பார்த்தால்தானே? இருவரும் 110 நாட்டில் எதிரெதிரே வந்தால் நொடிக்கு 113 மீட்டர் நெருங்குகிறீர்கள். 2 கிலோமீட்டரில் பார்த்தால் கையில் 18 நொடிகள்கூட இல்லை. பார்த்து, புரிந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பத் தொடங்க ஏறக்குறைய 12.5 நொடிகள் ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. ஆகவே வானத்தை 10 டிகிரித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணை ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். ஓடும் கண்ணுக்குச் சின்னப் பொருள் தெரியாது. கண்ணாடியில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தால் அது உங்களைத் தாண்டிப் போய்விடும். ஒரே இடத்தில் அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால், அதுதான் மோதப் போகிறது. அசையாமல் இருப்பதால்தான் அந்த ஆபத்து கண்ணுக்குத் தாமதமாகப் படுகிறது. செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், திரும்பும் பக்கத்தை அதுவே மறைக்கும். திரும்பும் முன் அந்த இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள்.

மேகம் மூடினால்

திரும்பிவிடுங்கள், மூடும் முன்பே. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் செயற்கையாக வெளியே தெரியாத நிலையில் ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில். காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு மெதுவான திருப்பத்தை உணராது. நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும், விமானம் சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். தவறி உள்ளே போய்விட்டால் செயற்கை அடிவானக் கருவியை மட்டும் நம்பி, இறக்கையைச் சமப்படுத்தி, மெல்ல 180 டிகிரி திரும்பி வெளியே வாருங்கள். வந்த வழியில் வெளிச்சம் இருந்தது என்பது மட்டும் உறுதியாகத் தெரியும் அல்லவா.

கோளாறு வந்தால்

முதலில் விமானத்தை ஓட்டுங்கள், அடுத்து எங்கே போகிறோம் என்று பாருங்கள், அப்புறம் பேசுங்கள். வரிசை மாறக் கூடாது. இன்ஜின் நின்றால் செஸ்னா 172-ஐ 68 நாட்டில் வைத்தால் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் மிதக்கும். அதற்குள் வயலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இன்ஜினை மறுபடி கிளப்பும் வேலைக்குப் போங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் "மேடே" மூன்று முறை. அவசரம், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் "பான் பான்" மூன்று முறை. பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லலாம். யாரும் கிடைக்காவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக்கு 7700, வானொலி பழுதுக்கு 7600, கடத்தலுக்கு 7500.

சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் இறங்கக் காத்திருந்த, கொலம்பியாவின் ஏவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானத்தின் விமானிகள், எரிபொருள் தீர்கிறது என்றார்கள், முன்னுரிமை வேண்டும் என்றார்கள். எமர்ஜென்சி என்ற சொல்லை மட்டும் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவே இல்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். பணிவாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்பது நம் வளர்ப்பிலும் ஊறிய நம்பிக்கை. அந்த நேரத்தில் பணிவு வேண்டாம். பாதுகாப்புக்கு அவசியமென்றால் எந்த விதியிலிருந்தும் விலகும் உரிமை விமானத் தலைவருக்கு விதியிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஏன் விலகினேன் என்று பிறகு விளக்கினால் போதும்.

வானொலி மட்டும் செத்துவிட்டால், 7600 போட்டு, கண்ணுக்குத் தெளிவான வானிலையிலேயே தொடர்ந்து, அருகிலுள்ள பொருத்தமான விமான நிலையத்தில் இறங்குங்கள். கோபுரத்தைக் கவனியுங்கள், விளக்கால் பேசுவார்கள். நிலையான பச்சை: இறங்கலாம். நிலையான சிவப்பு: வழி விட்டுச் சுற்றிக்கொண்டிரு. மினுக்கும் பச்சை: இறங்குவதற்காகத் திரும்பி வா. மினுக்கும் சிவப்பு: இங்கே பாதுகாப்பில்லை, இறங்காதே. புரிந்தது என்று சொல்ல, பகலில் இறக்கைகளை ஆட்டுங்கள்.

இறங்கும்போதும் இறங்கிய பிறகும்

வேறு உத்தரவு இல்லாவிட்டால் ஓடுதளத்தைச் சுற்றி வரும் திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கம். வழக்கமாக ஓடுதளத்துக்கு 1000 அடி மேலே. காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். கடைசி நேர்க்கோட்டில் வேகம், உயரம், திசை மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் முழு விசை கொடுத்து மறுபடி ஏறிவிடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பக்கத்தில் நண்பர் இருக்கிறார், அவர் என்ன நினைப்பார் என்றெல்லாம் தோன்றும். அவர் உயிரோடு நினைக்கட்டும்.

தரை தொட்டதும் ஓடுதளத்திலேயே உட்கார்ந்து ஃப்ளாப் எனப்படும் இறக்கை மடிப்புகளைச் சரிசெய்யாதீர்கள். வெளியேறி, கோட்டைத் தாண்டி, நின்று, அப்புறம் ஃப்ளாப்பை மடக்குங்கள்.

வந்து சேர்ந்ததைத் தெரிவித்துப் பறப்புத் திட்டத்தை முடிப்பதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். நீங்கள் சொன்ன நேரம் கடந்து 30 நிமிடம் வரை தகவல் இல்லையென்றால் தேடல் ஏற்பாட்டின் முதல் கட்டம் தொடங்கிவிடும். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் உங்களைத் தேடி ஊர் முழுக்க ஃபோன் பறக்கும்.

பிறகு சக்கரத்துக்குக் கட்டை, இறக்கைக்குக் கயிறு, வேகமானிக் குழாய்க்கு மூடி. கடைசியாகப் பதிவேடு. இட பிரேக் கொஞ்சம் மெத்தென்று இருந்ததா? சின்ன விஷயம் என்று விடாமல் ஒரு வரி எழுதிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த இருக்கையில் உட்காரப் போகிறவர் அதைப் படிப்பார்.